என் மனைவியின் இடுப்பில் ஒரு ராமசேஷன்

செய்தி எனக்கு வரவில்லை. என் மனைவிக்கு வந்தது. இந்த அநியாயத்தை முதல் வரியிலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் பேனாவை எடுத்தேன்.

தாராவியில் எங்கள் பலசரக்குக் கடையில் காலை வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். நான் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, படை நடத்தும் மன்னனைப் போல நின்று, டெம்போவிலிருந்து சரக்கு இறங்குவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்வக்கனி கல்லாவில் இருந்தாள். அவளுடைய போன் அடித்தது. எடுத்தாள், கேட்டாள். போனைக் கீழே வைத்துவிட்டு, எடைபோட எடுத்த புளியைத் திரும்ப டின்னுக்குள் போட்டாள்.

"யாரு?" என்றேன்.

"சாரோட தங்கச்சி. சார் போயிட்டாராம்."

எங்கள் வீட்டில் 'சார்' என்றால் ஒருவர்தான். புளிக்குக் காத்திருந்த அம்மாள் பதறி, "க்யா ஹுவா, பாபி?", என்ன ஆச்சு அண்ணி, என்று இந்தியில் கேட்டாள். "ஹமாரா சார் சலே கயே" என்று சொல்லிவிட்டு செல்வக்கனி கல்லாப்பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஹமாரா சார். நம்ம சார்! அதே கல்லாவில் உட்கார்ந்து என்னைப் பற்றியும் அவள் பம்பாய் ஜனத்தொகையில் பாதிப் பேரிடம் பேசியிருக்கிறாள். எல்லாம் புகார். 'ஹமாரா' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. துக்கம் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. அந்த மனிதர் உயிரோடிருந்த காலம் முழுக்க எனக்கு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த பொறாமை அது. அவர் போய்விட்டார் என்பதற்காக அதை உடனே நிறுத்திவிட முடியுமா என்ன?

ராமசேஷன் சாரை உங்களில் பலருக்கு மாதுங்கா பூக்கடைத் தெருவில் தெரியும். வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், தலையில் கருங்காடு போல முடி. அந்த வயதில் அவ்வளவு முடி வைத்திருப்பதே என் போன்றவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது. இதயம் களைத்துப்போனவர்களின் மார்புக்குள் ஒரு சின்னப் பம்பை வைக்கிறார்கள். இதயம் தள்ள முடியாத இரத்தத்தை அது தள்ளிக்கொடுக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி வயிற்றுத் தோல் வழியாக வெளியே வரும். வெளியே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, அதற்கு இரண்டு பாட்டரி. பம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், கோளாறு உண்டா என்றெல்லாம் பார்ப்பது அந்தப் பெட்டிதான். மனிதர்கள் அதை உடம்போடு அணிந்துகொண்டு நடமாடும்படி செய்வதற்காகவே சார் தம்முடைய கடைசி வருடங்களைச் செலவிட்டார். செம்பூர் பக்கத்தில் ஒரு தொழிற்கூடக் கட்டடம், அதில் ஒரு மாடி, சில இளம் இன்ஜினியர்கள். அவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம்.

நமது சங்கம் போடும் இந்த மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி முதலில் கேட்டதும் என் மனைவியைத்தான். "எனக்குக் கையெழுத்துப் போடவே நேரமில்ல. இவுக எழுதுவாக" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "எழுதுங்க. ஆனா புளுகாதிய" என்றாள். ஆகவே இதில் வருவதெல்லாம் உண்மை. சில இடங்களில் உண்மையைச் சற்று நிமிர்ந்து நிற்கச் சொல்லியிருப்பேன், அவ்வளவே.

செல்வக்கனிக்குப் பம்பு வைத்து, திலக் நகர் வீட்டுக்கு அழைத்துவந்த காலம் அது. பம்பு அருமையாக ஓடியது. அந்தப் பம்பு ஓடும்போது நாடி துடிக்காது. இரத்தம் ஆறு போல இழைந்து ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டடத்து டாக்டர் ஒருவர் மரியாதைக்கு நலம் விசாரிக்க வந்து, வழக்கப்படி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளிறிய முகத்தோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவ பேசிக்கிட்டுல்லா இருக்கா, பாருங்க" என்று நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன். இத்தனை காலம் என் பேரைச் சொல்லித் துடிப்பதாக நான் நம்பிவந்த இதயம், துடிப்பதையே விட்டுவிட்டது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. அவள் வீட்டை விட்டு இறங்க மறுத்தாள். முதலில் கொடுத்த பெட்டி செங்கல் கனம். அதை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்ட வேண்டும். அல்லது பேன்ட்டுக்கு மேலே கட்டும் பெல்ட்டில் தொங்கவிட வேண்டும். பாட்டரிகளுக்குப் போலீஸ்காரர் துப்பாக்கி மாட்டுவது போல இரண்டு அக்குளுக்கும் வார். சேலை கட்டும் பெண்ணுக்கு இதில் எதை எங்கே மாட்டுவது? கொசுவத்துக்கு மேலே கட்டினால் கொசுவம் அவிழ்கிறது. உள்ளே கட்டினால் உட்காரும்போது கம்பி இழுக்கிறது. அந்தக் கம்பி இழுபடவே கூடாது. ஆகவே காலையிலிருந்து இரவு வரை நைட்டி.

"நைட்டியப் போட்டுக்கிட்டு கல்லாவுல உக்காரச் சொல்லுதியளா? வாரவன் போறவன்லாம் பையைப் பாத்து என்ன ஏதுன்னு கேப்பான். நான் யாவாரம் பாக்கவா, ஒவ்வொருத்தனுக்கும் கதை சொல்லவா?"

"சுடிதார் போட்டுக்கயேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் காகிதம் கருகும்.

உங்களுக்குத் தெரியும், அந்தக் கடைக்கு நான் பெயர்ப்பலகை மாதிரி. கடை என்பது அவள்தான். கல்லாவை விட்டு அவள் வீட்டில் உட்கார்ந்தால் பம்பு ஓடும், ஆள் ஓடாது. இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவளைச் சிரிக்க வைக்க நான் என்னென்னவோ செய்தேன். தாராவியில் துக்க வீட்டையே சிரிக்க வைத்தவன் என்று பெயரெடுத்தவன் நான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளைத் திரும்பக் கல்லாவில் உட்காரவைக்க வேண்டும். அதை நான்தான் செய்ய வேண்டும். எனக்கிருந்த ஆசை அது ஒன்றே.

அப்போதுதான் அவர் வந்தார். பம்பு வைத்துக்கொண்டவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொல்லி, எங்கள் சம்மதம் கேட்டு வந்தார். காலையில் வந்தவர் காபியை மறுத்துவிட்டு, அடுப்படி வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "உங்க காரியத்தைப் பாருங்கோ அம்மா. நான் இங்கே இல்லேன்னு வெச்சுக்கோங்கோ" என்றார். பிறகு என் மனைவியின் இடுப்பைப் பார்க்க ஆரம்பித்தவர் மத்தியானம் வரை கண்ணை எடுக்கவில்லை.

"சார், பேப்பர் தரட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்."

"டிவி போடட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நான் பாட்டுக்குப் பார்த்துண்டிருக்கேன்."

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அவருக்கு அது உறைக்கவே இல்லை. அவர் கண்ணுக்கு அங்கே ஒரு பெட்டி, ஒரு கம்பி, அது குனிந்தால் எங்கே மடங்குகிறது, நிமிர்ந்தால் எங்கே இடிக்கிறது, இவைதான் தெரிந்தன. இடையில் நான், "பேஷண்ட் ஒண்ணுக்கும் ஒத்துவர மாட்டேங்கா சார்" என்று புகார் செய்தேன். அவர் திரும்பி என்னை முதல் முறையாக முழுசாகப் பார்த்தார்.

"பேஷண்ட்னு சொல்லாதீங்கோ. செல்வக்கனி அம்மான்னு சொல்லுங்கோ. அவாளுக்கு நாள் பூரா ஆயிரம் காரியம் இருக்கு. வியாதி அதுல ஒண்ணு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை 'ஏளா' என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். அது எங்கள் ஊரில் பிரியத்துக்கு அடையாளம். முழுப் பெயரையும் சொல்லி, பின்னால் ஒரு அம்மாவையும் சேர்த்து ஒருவர் அழைத்தபோது, அவள் தோள் சற்று நிமிர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். போகும்போது அவர் என்னிடம், "பாட்டரி சார்ஜருக்கு ஒரு ப்ளக் பாயின்ட் தனியா வேணும். டிவியோடதைக் கழட்டிடுங்கோ" என்றார். மறுவார்த்தை இல்லாமல் அவளே எழுந்து கழற்றினாள். அன்றைக்குக் கிரிக்கெட் இருந்தது.

அடுத்த சம்பவத்தை எழுதலாமா கூடாதா என்று மிகவும் யோசித்தேன். என் மானம் சம்பந்தப்பட்டது. ஆனால் வரலாறு என்று ஒன்று இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, மாதிரி தயாராகிவிட்டது, வந்து பாருங்கள் என்று செம்பூருக்கு அழைத்தார். கூப்பிட்டது சார் என்பதால் அவளும் நைட்டிக்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். போனோம். அறையின் நடுவே கண்ணாடிக் குழாய்களால் ஒரு மாளிகை கட்டி வைத்திருந்தார்கள். இரத்தத்தின் தடிமன் வருவதற்காகத் தண்ணீரில் கிளிசரின் கலந்து, பார்த்தால் தெரிவதற்காகச் சிவப்புச் சாயமும் போட்டு, ஒரு பம்பு அதை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ராமசேஷன் சார் நின்றார். பேன்ட்டுக்கு மேலே சேலை கட்டிக்கொண்டு நின்றார்.

இளம் இன்ஜினியர்கள் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். சார் மட்டும் கம்பீரமாக, புதுப் பெட்டியை இடுப்பில் மாட்டி, நடந்து, உட்கார்ந்து, எழுந்து காட்டினார். "பாருங்கோ, எங்கேயும் இழுக்கலை. ஒரு வாரமா இதைக் கட்டிண்டுதான் வேலை பார்க்கறேன்."

செல்வக்கனி அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். பிறகு வாயைச் சால்வையால் பொத்தினாள். பொத்தியும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குப் பிறகு நான் கேட்காத சிரிப்பு. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சார், யாரு சார் உங்களுக்கு இதக் கட்டிவிட்டது?"

"நானேதான். அம்மா கட்டறதைப் பார்த்திருக்கேனே."

"இது உங்க அம்மா கட்டு சார். மடிசார். கால் நடுவுல வாங்கிப் பின்னால சொருகுற கட்டு. நாங்க இப்படியா கட்டுதோம்? எங்களுக்குக் கொசுவம் முன்னால, தொப்புளுக்கு நேரா. நீங்க பெட்டி வச்ச எடத்துலதான் எனக்குக் கொசுவமே வரும்."

மாதுங்காவில் பிறந்து வளர்ந்து, மடிசார் தவிர இன்னொரு கட்டைக் கூர்ந்து பார்த்தே இராத மனிதர், உலகத்துச் சேலையெல்லாம் தன் வீட்டுக் கொடியில் காய்கிற சேலைதான் என்று நினைத்து, மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார். பம்பாய் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு தவறைச் செய்ய இன்னொரு இன்ஜினியர் கிடைக்கமாட்டார். நான் மகிழ்ந்தேன். விழுந்தாரய்யா என்று உள்ளுக்குள் மேளம் கொட்டினேன்.

மேளம் ஓய்வதற்குள் அவர் கேட்டார்: "அப்போ உங்க கட்டு எப்படின்னு யாருக்காவது கட்டிக் காட்டுங்கோ. நான் அளவெடுக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆம், கட்டினாள். முழங்காலால் என்னை நெட்டி நிறுத்தி, கொசுவம் மடித்து, "மூச்ச உள்ள இழுங்க. இதுக்கு மேல இழுக்க முடியாதா? என்னத்தத் தின்னு வளத்தியளோ" என்று திட்டிக்கொண்டே சொருகினாள். தாராவி வியாபாரிகளின் சிங்கம் என்று அறியப்பட்ட நான், அந்த மாடியில் சேலையோடு நடந்தேன், சம்மணமிட்டேன், குனிந்து மூட்டை பிரித்தேன், எட்டி மேல் தட்டில் டின் எடுத்தேன். "அண்ணாச்சி, இன்னொரு தரம் குந்துங்கோ" என்பார் சார், டேப்பை வைத்துக்கொண்டு. "திரும்பிக் குந்துங்கோ." இந்தியப் பெண்கள் சேலையோடு அணிந்துகொள்ளும் அந்தப் பெட்டி என் இடுப்பின் மேல்தான் பிறந்தது. இதை அவருடைய கூடத்தில் எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை.

அதன் பிறகு வந்த பெட்டி வேறு. இடுப்பெலும்பின் வளைவுக்கேற்ப அதுவும் வளைந்திருந்தது. தடிமன் ஒரு மொபைல் போனைவிடக் கொஞ்சம் அதிகம். உள்பாவாடை நாடாவுக்குக் கீழே தனியாக ஒரு பட்டை. அதில் இடப்பக்கம், கொசுவத்தை விட்டு விலகி. கம்பிக்கு ஒரு சுருள் இடம், குந்தினாலும் இழுக்காதபடி. பாட்டரிகள் முந்தானைக்குள் மறைந்தன. நான் ஆவலோடு குனிந்து அதன் சின்னத் திரையைப் படிக்கப் பார்த்தேன். எழுத்து தலைகீழாக இருந்தது.

"சார், திரையத் தலைகீழா மாட்டிட்டிய" என்றேன், இரண்டாவது தவறும் கிடைத்த சந்தோஷத்தில்.

"உங்களுக்குத்தான் தலைகீழ். அவா குனிஞ்சு பார்த்தா நேரா இருக்கும். மத்தவாளுக்கு எதுக்குத் தெரியணும்?"

மத்தவாள்! தாலி கட்டியவன் மத்தவாளாம். அன்றிலிருந்து அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க நான் கொக்கு போலக் கழுத்தை வளைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டியின் எச்சரிக்கை ஒலிக்காக ஒரு நாள் எங்கள் கடையிலும் வந்து உட்கார்ந்தார். மாதிரிப் பெட்டியைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு, கூட்ட நேரத்தில் ஒலிக்க விட்டார். எதிரே தையல் மெஷின்கள், பக்கத்தில் தகரம் தட்டுகிறவர், தெருவில் ஹாரன். ஒருவரும் திரும்பவில்லை. ஆட்டோ பின்னால் வருவதாக நினைத்து ஒரு பெரியவர் மட்டும் ஒதுங்கி நின்றார். சார் முகம் தொங்கிவிட்டது. "சத்தத்தைக் கூட்டுங்க சார். தாராவிக்கே கேக்கட்டும்" என்று நான் யோசனை சொன்னேன். "சத்தம் பெருசா இருந்தா போறாது, அண்ணாச்சி. தனக்குத்தான்னு தெரியணும்" என்றார். பெட்டி இடுப்பெலும்பைத் தட்டிக் கூப்பிடும் ஏற்பாடு அதற்குப் பிறகு வந்தது. ஒலிக்கு முன்னால் தட்டு. என் மனைவியை இடுப்பில் தட்டிக் கூப்பிடும் உரிமையும் இவ்வாறாக என் கையைவிட்டுப் போயிற்று.

பரிசோதனைகள் முடிந்து, அனுமதிகள் எல்லாம் வந்து, பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டும் நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், ராமசேஷன் சார், நான். பெட்டியை மாற்றுவதென்றால், கம்பியைப் பழையதிலிருந்து உருவிப் புதியதில் செருக வேண்டும். உருவிய கணத்திலிருந்து செருகும் கணம் வரை பம்பு நிற்கும். அந்தச் சில விநாடிகளுக்கு அவளுடைய களைத்த இதயம் தனியாகச் சமாளிக்க வேண்டும். நான் கட்டில் தலைமாட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ், "ரெடி?" என்றாள். செல்வக்கனி என்னைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற ராமசேஷன் சாரை நேராகப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். நர்ஸ் உருவினாள், செருகினாள். பம்பு மறுபடி ஓடியது. அவள் பார்வை கடைசிவரை அவரை விட்டு நகரவில்லை.

டாக்ஸியில் வரும்போது அடக்க முடியாமல் கேட்டேன். "ஏளா, கையப் பிடிச்சவன் நான். நீ பார்த்தது அவரையா?"

"நீங்க கண்ண மூடிக்கிடுவிய. சார் மூடமாட்டாரு."

அப்படித்தான் நடந்திருந்தது. நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். குர்லா சிக்னல் தாண்டும் வரை நான் டாக்ஸி மீட்டரைப் படித்துக்கொண்டு வந்தேன். உலகத்தில் எந்தக் கணவனையும் எந்த மனைவியும் அவ்வளவு சின்ன வாக்கியத்தில் தோற்கடித்திருக்க முடியாது.

புதுப் பெட்டியோடு அவள் கல்லாவில் உட்கார்ந்த முதல் நாள், எங்கள் வாடிக்கைக்காரர்கள் கேட்ட ஒரே கேள்வி, "இத்தனை நாளா எங்க போன பாபி? இந்த ஆள் துவரம்பருப்புல கல்லு போட்டு வித்தான்" என்பதுதான். ஒருவர்கூட இடுப்பைப் பார்க்கவில்லை. அவள் ராஜ்யத்தை அவள் திரும்பப் பெற்றாள். பெற்றுக்கொடுத்தவர் மாதுங்காவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப் பம்பு வைத்தவர்களின் வீட்டில் ஒருவருக்காவது அவசரத்துக்குப் பெட்டி மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நான். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள், தேறிவிட்டேன் என்று சீட்டும் கொடுத்தார்கள். ஆனால் சார் என்னைத் தனியாகச் செம்பூருக்கு வரச் சொன்னார். கண்ணாடிக் குழாய் மாளிகையின் முன்னே நிறுத்தி, பெட்டியை மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

"கண்ணைத் திறந்துண்டு மாத்துங்கோ, அண்ணாச்சி."

"திறந்துதான சார் இருந்தேன்?"

"இழுக்கறச்சே மூடிண்டேள்."

மறுபடி செய்தேன். மறுபடி மூடினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "இன்னிக்கு நீங்க ஒண்ணும் மாத்த வேண்டாம். நான் கழட்டறேன். நீங்க அந்தக் குழாயை மட்டும் பாருங்கோ" என்றார். கம்பியை உருவினார். நிமிர்ந்து நின்ற சிவப்புத் திரவம் குழாயில் இறங்க ஆரம்பித்தது. என் முகம் தானாகத் திரும்பியது. அவர் என் தாடையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி வைத்தார். "இறங்கறதைப் பாருங்கோ. பார்த்தாத்தான் கை ஏத்தப் போகும். பயமா இருந்தா பயந்துண்டே பாருங்கோ." செருகினார். திரவம் ஏறியது. மறுபடி உருவினார். வெள்ளிக்கிழமைதோறும் கடையை அவளிடம் விட்டுவிட்டு நான் செம்பூருக்குப் போய், இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் கேட்டபோது, சார் சில நுணுக்கமான விஷயங்களில் என் ஆலோசனையைக் கேட்பதாகச் சொன்னேன். அவர் கடைசிவரை அதை மறுக்கவில்லை.

அவரைக் கொண்டுபோனது நுரையீரல் காய்ச்சல். இதயம் கடைசிவரை கடிகாரம் போல ஓடியதாம், டாக்டர்களே வியந்தார்களாம். அதிலும் ஒரு பெருமை அவருக்கு.

மாதுங்காவில் அவர் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. செல்வக்கனி முன்னால் நிதானமாக ஏறினாள். நான் பின்னால், எமலோகத்துக்கே படியேறுகிறவனைப் போல மூச்சுவாங்கி ஏறினேன். வாசலில் ஒரே கூட்டம். அவர் தங்கை எங்களைப் பார்த்ததும், "பம்பு வெச்சவா வந்துட்டா, நாற்காலி போடுங்கோ" என்று குரல் கொடுத்தார். ஒரு பையன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். செல்வக்கனியைத் தாண்டி வந்து, என் பின்னால் போட்டு, "உக்காருங்கோ மாமா, மெதுவா, மெதுவா" என்று என்னைத் தாங்கிப் பிடித்தான். யாரோ விசிறினார்கள். யாரோ வெந்நீர் கொண்டுவந்தார்கள்.

நான் மறுக்கவில்லை. உட்கார்ந்தேன். எதிரே அவள், நீலச் சேலையில், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மற்ற பெண்களோடு பெண்ணாக நின்றிருந்தாள். அந்த வீட்டில் நிறைந்திருந்த அத்தனை பேரில், அவருடைய வேலையை உடம்பில் அணிந்து நிற்பவள் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாரின் போனிலிருந்த எண்ணுக்கெல்லாம் செய்தி சொன்ன அவர் தங்கைக்கே, எங்கள் இருவரில் பம்பு யாருக்கு என்று தெரியவில்லை. தரையில் படுத்திருந்த அந்த மனிதரைப் பார்த்தேன். சார், ஜெயித்துவிட்டீர், ஓய் என்று சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நோயாளி மாமா உணர்ச்சிவசப்படக்கூடாது என்று இரண்டு பேர் என் முதுகைத் தடவினார்கள்.

கடைசியாக ஒன்று. பெட்டிக்குள்ளே அவசரத்துக்கென்று ஒரு சிறிய பாட்டரி உண்டு. அதற்கு ஆயுள் முடிவதற்குள் பெட்டியையே மாற்றிவிட வேண்டும். அந்த நாளைச் சார்தான் ஆஸ்பத்திரியில் கேட்டு ஏற்பாடு செய்திருந்தார், தாமும் வருவதாக. அவருடைய காரியங்கள் முடிந்த மறுவாரம் அந்த நாள் வந்தது. டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தாள். போன தடவை சார் நின்ற இடத்தில் ஒரு ஸ்டாண்டில் மருந்துப் பாட்டில் தொங்கியது. நர்ஸ் கையுறை மாட்டப் போனாள்.

"சிஸ்டர், இவுக மாத்தட்டும்" என்றாள் செல்வக்கனி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம், செய்யுங்கள்" என்றார். நான் புதுப் பெட்டியைச் சோதித்து, தயாராக வைத்து, கம்பியில் கை வைத்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"கண்ண மூடினிய, தொலைச்சிருவேன்."

உருவினேன். அவள் முகத்திலிருந்து நிறம் இறங்குவதைப் பார்த்தேன், குழாயில் இறங்கியது போலவே. பயந்துகொண்டே பார்த்தேன். கை தானாகப் போயிற்று. செருகினேன். தலைகீழ் எழுத்துகள் எரிந்தன. அவள் உதட்டுக்கு நிறம் திரும்ப ஏறியது. அவ்வளவு நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை. ராமசேஷன் சார், கேட்கிறதா? என்னை மட்டும்.

டாக்ஸியில் ஏறியதும் சந்திரமண்டலத்தில் கொடி நட்டவனைப் போல உட்கார்ந்து, "எப்படி?" என்றேன்.

அவள் சேலைக்கு மேலே இடுப்பில் ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டாள். "பரவாயில்ல. சாரா இருந்தா இன்னும் வெரசா மாத்திருப்பாரு."

அந்த மனிதர் தம் கையால் அவளுக்குப் பெட்டி மாற்றியதே இல்லை, மாற்றியவள் நர்ஸ்.

அவர் எனக்கு விட்டுப்போனது இரண்டு திறந்த கண்கள். இந்த வயதில் புதிதாக வந்தவை, பழகிக்கொண்டிருக்கிறேன். கூடவே இந்தப் பொறாமையும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் கால் செம்பூர்ப் பக்கம் திரும்புகிறது. போய் நின்று, "சார், போன வாரம் அவள் என்னைத்தான் பார்த்தாள்" என்று ஒரே ஒரு தரம் பீற்றிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டு அவர் முகம் போகிற போக்கைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.